டாகடர செலவி

எனக்கு வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு அக்காவிடமும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "நான் பாத்துக்கறேன்க்கா" என்று சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கு இதுவரை நேர்ந்த அவமானங்களைப் பட்டியல் போட்டால், அந்த ஒரு வாக்கியம்தான் முதலிடத்தில் வரும். (பட்டியல் போட்டிருக்கிறேன். முதலிடத்தில்தான் வருகிறது.)

என் வேலை மென்பொருள் சோதனை. படூரில் அறை எடுத்துத் தங்கி, ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் செய்த தவறுகளைக் கண்டுபிடித்து, எண் போட்டு, அவர்களுக்கே அனுப்பிவைப்பேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். அறையிலும் எனக்கு எல்லாமே பட்டியல்தான். ஊருக்குப் போகும்போது பையில் என்ன வைக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, பையிலிருந்து எடுக்க வேண்டியவற்றுக்கு இன்னொன்று. இப்படிப்பட்ட ஒருத்தியிடமிருந்து பிழை வராது என்று அக்கா நம்பியது இயல்புதான். நானே நம்பினேன்.

அக்காவின் பெயர் செல்வி. பல் மருத்துவர். அப்பாவைப் பெற்றவர்கள் திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வம்சத்தில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொண்ட முதல் ஆள் அக்காதான். ஆனால் போட்டுக்கொண்ட கையோடு கல்யாணம், பிறகு குழந்தை என்று நான்கு வருடம் அவள் யார் வாயையும் திறந்து பார்க்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது நெருங்கியதும், புதுப்பட்டினத்தில் மாமனார் வீட்டு முன்னறையில் சொந்தமாகக் கிளினிக் வைக்க அனுமதி கேட்டாள்.

அவளுடைய மாமனார் அணு ஆராய்ச்சி வளாகத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். நல்ல மனிதர். மறுக்கவில்லை. "ஆறு மாசம் பாப்போம்மா. ஆளு வரலன்னா ரூம ஜெராக்ஸ் கடைக்கு விட்டுடலாம்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அக்கா எங்கே ஜெராக்ஸ் கடையைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள்.

வீடு தெருவுக்குள் தள்ளி இருந்தது. ஆள் வர வேண்டுமானால் சாலையில் போகிறவர்கள் கண்ணில் போர்டு பட வேண்டும். விளம்பரம் என்றால் அந்த ஒரு போர்டுதான். அக்காவுக்கு எவர்சில்வர் எழுத்துகள் வேண்டும். படூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறாள். சுவரிலிருந்து எழும்பி நிற்கிற, வெயிலில் பளபளக்கிற எழுத்துகள். மாமனாரோ சுவரில் துளை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஃப்ளெக்ஸ் வேண்டுமானால் வராந்தா கம்பியில் கட்டிக்கொள்ளலாம்.

"ஃப்ளெக்ஸ்னா டீக்கடை மாதிரி இருக்குமேடி" என்று அக்கா போனில் சொன்னபோது அவள் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"ஃப்ளெக்ஸ்லயே மெட்டல் எழுத்து மாதிரி கொண்டுவரலாம்க்கா, த்ரீ-டில. தொட்டுப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும். நான் பாத்துக்கறேன்."

இதற்கென்று வெக்டர் மென்பொருள் இருக்கிறது. படத்தைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு அடிக்குப் பெரிதாக்கினாலும் எழுத்தின் ஓரம் உடையாது. அதில் உலோக எழுத்து செய்வது எப்படி என்று ஒரு காணொளி பார்த்தேன். ஒருவர் நான்கே எழுத்து உள்ள ஆங்கிலச் சொல்லைப் பதினோரு நிமிடத்தில் வெள்ளியாக்கிக் காட்டினார். சொல்லைத் தட்டு, அதை வெறும் வடிவமாக மாற்று, பின்னால் அறுபது நகல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அடுக்கு, பருமன் வந்துவிடும், முகப்பில் கறுப்பு, வெள்ளை, சாம்பல், வெள்ளை என்று நிறத்தை ஓடவிடு, ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு போடு. முடிந்தது. நான் அதை இருபத்து மூன்று படிகள் கொண்ட பட்டியலாக எழுதி, அச்செடுத்து, சுவரில் ஒட்டினேன்.

அவருடைய நான்கு எழுத்தும் நேர்க்கோடு. என்னுடையது இப்படி:

டாக்டர் செல்வி
பல் மருத்துவமனை

இதில் எத்தனை சுழி, எத்தனை வளைவு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. 'செ'யின் கொம்புக்கு உள்ளே ஒரு விளிம்பு வேண்டும். அந்த விளிம்புக்கு ஒரு நிழல். நிழலுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம். 'னை'யிடம் வந்தபோது நான் அழவில்லை, ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். முதல் ஞாயிறு மாலை திரையில் இருந்தது வெள்ளி இல்லை, அடிபிடித்த ஈயப் பாத்திரம். அறைத்தோழி எட்டிப் பார்த்து, "வடை ஏன்டி இவ்ளோ கறுப்பா இருக்கு?" என்றாள்.

இரண்டாவது ஞாயிறு வெள்ளி வந்தது. கோப்பு போய்விட்டது. அறுபது நகல், ஒவ்வொன்றிலும் நிறம், நிழல் என்று அடுக்கியதில் மென்பொருள் மூச்சுத் திணறி, சுட்டி வட்டமாகச் சுழன்று, கடைசியில் எல்லாம் வெள்ளைத் திரையாகிவிட்டது. சேமித்தேனா என்ற கேள்விக்கு என் பட்டியலில் படி இல்லை. இருபத்து நான்காவதாகச் சேர்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு மறுபடியும் செய்தேன். மதியத்துக்குள் எழுத்துகள் அசல் எவர்சில்வராக நின்றன. ஆனால் கோப்பு மறுபடியும் திணற ஆரம்பித்தது. கடைக்காரர் கணினியில் இது திறக்குமா என்றே சந்தேகமாக இருந்தது. எடையைக் குறைக்க வழி தேடினேன். வளைவுகளை வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துணுக்குகள் கோப்பில் தங்கிவிடும், அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம் என்று படித்தேன். இந்த அளவுக்குக் கீழே உள்ள தனி வடிவங்களை எல்லாம் எடு என்று மென்பொருளுக்குச் சொன்னேன். எடுத்தது. அழி என்றேன். அழித்தது. கோப்பு இறகாகிவிட்டது. பட்டியலில் அதை இருபத்தைந்தாவது படியாகச் சேர்த்து, நேராக ஒரு பெரிய சரிக்குறி போட்டேன். சின்னதாகப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்தேன்.

தமிழில் சொல்லின் உடம்போடு ஒட்டாமல், சின்னதாக, வட்டமாக, தனியாக நிற்கிற வடிவம் எது என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் சொல்லும்.

எழுத்துப் பிழை பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். இரண்டாவது படியில், சொல்லைத் தட்டிய உடனே. அதற்குப் பிறகு இருபதுக்கு மேல் படிகள் இருந்தன. ஒரு மாற்றம் செய்தால் முன்பு சரியாக இருந்ததை எல்லாம் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பது நான்தான்.

சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் அப்பா வீட்டுக்குப் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்குக் கோப்போடு போனேன். கடைக்காரர் முருகேசன் அண்ணன் கோப்பைத் திறந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், பைலு சூப்பரா கீது. ஆனா இன்னாமோ மொட்டையா கீதே."

"மொட்டையாவா?"

"ஆமா. மேல ஒண்ணுமே இல்லாத மாரி. தலையில இன்னாத்தையாச்சும் வெச்சாதான் எடுப்பா இருக்கும்."

நான் யோசித்தேன். அலங்காரம் போதவில்லை என்று சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அனுபவசாலி, ஊர் ரசனை தெரிந்தவர். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, 'மருத்துவமனை'யின் முதல் 'ம'வுக்கு மேலே, வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற மாதிரி வெள்ளி நட்சத்திரம் ஒன்றை வைத்தேன்.

முருகேசன் அண்ணன் நட்சத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நட்சத்திரமா! செரி மேடம். படிச்சவங்கோ நீங்க. ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டுடுங்கோ."

போட்டேன். கீழே கோடும் இழுத்தேன்.

சுருட்டிக் கட்டிய ஃப்ளெக்ஸைக் குழந்தை மாதிரி மடியில் சாய்த்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினத்துக்குப் பேருந்தில் போனேன். மறுநாள் காலையில் திறப்பு விழா. விடிந்ததும் நானும் அத்தானும் (அக்காவின் கணவர்) ஏணி போட்டு அதை வராந்தா கம்பியில் கட்டினோம். முகத்துக்கு நேரே ஒரு முழ உயர எழுத்து இருந்தால் வாசகம் தெரியாது, வாசகத்தின் ஒரு கால்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளி வெள்ளியாக வரவில்லை என்பது மட்டும்தான். திரையில் வெளிச்சத்தால் மின்னியது, அச்சில் மையாக இறங்கியதும் பழுப்பும் சாம்பலுமாக ஆகிவிட்டது. நான் அவ்வளவு கவனமாகப் போட்ட நிழல்கள் எல்லாம் சொத்தை விழுந்த கடைவாய்ப் பல் மாதிரி இருந்தன. பல் ஆஸ்பத்திரிதானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அத்தை (அக்காவின் மாமியார்) தன் பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டுப் போர்டை மூடினோம்.

ஒன்பது மணிக்குத் தெருவில் நாற்பது பேர் நின்றார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். 'டாக்டர் செல்வி' என்பதைப் படம் எடுத்து அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பப் போவதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் புடவையை இழுத்தார்.

கைதட்டல் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் நின்றது.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பரிசோதனை அறிக்கை வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"டாகடர... செலவி... பல... ம்ருதது... வமனை."

பக்கத்து ஸ்டாண்டிலிருந்து வந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னாபா இது, டாக்டரு பேர்லயே செலவு கீது!" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "பல ஆஸ்பத்திரின்னு வேற போட்டுகீது. மீதி ஆஸ்பத்திரி எங்க கீது?" என்று சுற்றிலும் பார்த்தார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "ம்ருதவா? நல்ல நாளும் அதுவுமா வாசல்ல ம்ருத்யுன்னு சாவையா எழுதி வச்சிருக்கு?" என்றார்.

நான் மேலே பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துக்கொண்டே இருந்ததை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். புள்ளி இருக்க வேண்டிய ஐந்து இடத்தில் ஒன்றுமில்லை. இருக்கக் கூடாத ஒரே இடத்தில் நட்சத்திரம் மினுங்கியது.

அப்பா போனைக் கீழே இறக்கிவிட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் என்பார்களே, நான் அதற்கெல்லாம் காத்திருக்காமல் கிளினிக்குக்குள் போனேன். அக்கா எனக்கு முன்பே உள்ளே வந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த நோயாளி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

துடைத்தாள்.

"சின்னத் துணுக்கெல்லாம் அழிக்கும்போது கூடவே போயிடுச்சுக்கா. மறுசோதனை பண்ணலை. என் தப்புதான்."

"ஏன்டி திவ்யா," என்றாள், திரும்பாமலே. "என் பேர்ல மொத்தமே ஒரு புள்ளி. அதையுமா தூக்குவ?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரல் அன்றைக்குப் போனில் இறங்கிய அதே இடத்துக்கு இறங்கியது. "மாமா இனிமே ஆறு மாசம்கூடக் காத்திருக்க மாட்டார். ஊரே சிரிச்சுட்டுப் போவுது. எவன் வருவான் இங்க?" என்றாள். நான் மனதுக்குள் ஜெராக்ஸ் இயந்திரத்தை எந்த மூலையில் வைப்பார்கள் என்று அளந்துகொண்டிருந்தேன். (வாசலுக்கு இடது பக்கம். அங்கேதான் மின் இணைப்பு இருந்தது.)

வெளியே மாமனாரின் குரல் கேட்டது. "திவ்யா! இங்க வாம்மா."

போனேன். தலை குனிந்து, "சாரி மாமா. படிக்கும்போது மனசு தானா புள்ளி வச்சுப் படிச்சிடுச்சு" என்றேன்.

"ஓலைச்சுவடியிலதாம்மா புள்ளி இருக்காது. இது ஃப்ளெக்ஸ்."

அதற்குள் அத்தை புடவையை மறுபடியும் போர்டின் மேல் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். போடுவதற்கு ஏணியைத் தேடியபோது, மிக்சரும் இனிப்பும் வைத்துக் கொடுக்க வாங்கியிருந்த வெள்ளிக் காகிதத் தட்டுகளின் அடுக்கு அவர் கண்ணில் பட்டது. சின்னத் தட்டுகள். உள்ளங்கை அகலம்.

"இத ஒட்டினா புள்ளி மாதிரி இருக்காது?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யோசனை அவ்வளவு சரியாக இருந்தது. மாமனார் உள்ளே போய் இருபக்கம் ஒட்டும் டேப், அளவு நாடா, ரசமட்டம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் செய்த வேலை அவர் முகத்தில் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். நான் ஏணியில், அவர் தெரு நடுவில்.

"'க' மேல வை. இடது. இன்னும் இடது. அவ்ளோ இல்லம்மா, நாலு மில்லிமீட்டர்."

"ஏணியிலருந்து மில்லிமீட்டர் தெரியலை மாமா."

"தெரியாததாலதான் இந்த நிலைமை. வலது."

நாற்பது பேரும் கலையவில்லை. கலைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிக்சரைக் கையில் வாங்கிக்கொண்டு (மீதித் தட்டுகளையும் மாமனார் உபரிப் புள்ளிகளாக எடுத்து வைத்துவிட்டாரே) நின்று, ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். அதிகம் காட்டியது அந்த ஆட்டோக்காரர்தான். "அண்ணாத்த, அந்த 'ல'வுக்கு வெச்சது சாஞ்சிகினு கீது!" என்று மாமனாருக்கே சொன்னார். மாமனார் ரசமட்டத்தை அவரிடம் நீட்டினார். 'ம' மேல் இருந்த நட்சத்திரத்தை மறைக்க அக்காவின் மருந்துப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரி எடுத்து ஒட்டினோம். 'ம' மண்டையில் அடிபட்டது போல் இருந்தது. இருந்தாலும் மங்கலம் திரும்பிவிட்டதாக அத்தை சொன்னார்.

இறங்கி வந்து பார்த்தேன். பன்னிரண்டு அடிப் போர்டில் உண்மையில் உலோகமாக, உண்மையில் முப்பரிமாணமாக இருந்தவை அந்த ஐந்து தட்டுகள்தான். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடிய பளபளப்பு, பருமன், நிழல் எல்லாம் அவற்றில் இருந்தன. நிழலை வெயிலே போட்டுக்கொடுத்தது.

இந்த அமளியில் கன்னத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கும் ராணியம்மா. பொறுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா பாப்பா, டாக்டரு கீறாங்களா இல்லியா?"

"இருக்காங்க. போர்டு கொஞ்சம் சரி பண்ணிட்டு..."

"எனுக்கு படிக்கவே தெரியாது. அதுல இன்னா எழுதிகீதுன்னு எனுக்கு இன்னாத்துக்கு? ரெண்டு நாளா பல்லு உசுர வாங்குது. போர்டு படிக்கறவங்க படிக்கட்டும், நான் வுள்ள போறேன்."

போனார். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் நோயாளி. கதவு சாத்தியதும் தெருவில் பேச்சு அடங்கிவிட்டது. அத்தனை பேரும் உள்ளேயிருந்து அலறல் வருகிறதா என்று காது கொடுத்தார்கள். அப்பா வேட்டியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே நின்றார். கடற்காற்றில் தட்டுகள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டன.

அரை மணி நேரம் கழித்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு ராணியம்மா வெளியே வந்தார். வாய் திறந்து பேசக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ராணியம்மா அதைக் கேட்கிற ஆள் இல்லை. பஞ்சோடு பஞ்சாக, தெருவுக்கே கேட்கும்படி, "புடுங்கனதே தெரில!" என்றார். ஆட்டோக்காரர் தன் கடைவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மெதுவாக வராந்தாவில் ஏறினார். அப்பா போனை மறுபடியும் வெளியே எடுத்தார்.

திங்கட்கிழமை முருகேசன் அண்ணனுக்குப் போன் செய்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மொட்டையா கீதுன்னு சொன்னேனே மேடம். நீங்கோ நட்சத்திரம் வெச்சிகினு போயிட்டீங்கோ."

இதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ராணியம்மாவுக்கு அக்காவின் பெயர் தெரியாது. மார்க்கெட் முழுக்க அவர் சொன்ன அடையாளம், "வாசல்ல தட்டு ஒட்டி வெச்சிகீறாங்களே, அந்த டாக்டரு." இரண்டே மாதத்தில் புதுப்பட்டினத்தில் 'தட்டு டாக்டர்' என்றால் போதும், ஆட்டோ நேராக வாசலில் வந்து நிற்கும் என்றாகிவிட்டது. ஆறு மாதம் முடிந்த அன்று மாமனார் ஜெராக்ஸ் கடையைப் பற்றிப் பேசவே இல்லை. வராந்தாவில் ஒரு மேசை போட்டு, டோக்கன் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். டோக்கன்களை அவர் வரிசையாக அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

ஒரு வருடம் கழித்து முறையாக ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்துப் புதிய போர்டு வைத்தார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து. ஐந்து புள்ளி. (எண்ணினேன். அப்பா எண்ணினார். மாமனார் அளந்தார்.) பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. அக்கா இன்னும் தட்டு டாக்டர்தான். குடும்பத்தில் யார் எதை எழுதினாலும், மளிகைச் சீட்டாக இருந்தாலும், "திவ்யா கைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க" என்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்வது?

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் மகள் இப்போது யு.கே.ஜி. தமிழ் வகுப்பில் டீச்சர் பலகையில் 'க' எழுதி, இது 'க்' ஆக வேண்டுமென்றால் மேலே என்ன வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வகுப்பே யோசித்துக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் கை தூக்கி, "தட்டு" என்றாளாம்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, சித்தி என்றாளாம்.

டீச்சர் என்னைப் பார்க்க வேண்டுமாம்.